மன்னன் தந்த இரண்டாம் பெயர்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் உள்ள குடவோலைத் தேர்தல் விதிகளைச் சென்ற வாரம் பார்த்தோம். வயது, நிலம், சொந்த மனையில் வீடு, கல்வி, கணக்குக் காட்டிய நேர்மை என்று வேட்பாளரை அலசிப் பார்த்த அந்தக் கல்வெட்டில், தேர்தலில் நிற்காத ஒருவரும் இருக்கிறார். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919இல், அரசாணையின்படி வந்து சபையாருடன் அமர்ந்திருந்தவர் அவர். கல்வெட்டு அவரைத் 'தத்தனூர் மூவேந்தவேளான்' என்று குறிக்கிறது. பெற்றோர் இட்ட பெயர் அதில் இல்லை. ஊரும் பட்டமும் சொன்னாலே ஆள் இன்னார் என்று விளங்கியிருக்கிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 921இல், விதிகளைத் திருத்தியபோது இன்னொருவர் வந்தார். சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டு ஸ்ரீவங்கநகரைச் சேர்ந்த கரஞ்சை கொண்டயக் கிரமவித்த பட்டனாகிய சோமாசிபெருமான். இவர் பெயரில் ஊரும் குடும்பமும் இருக்கின்றன. வேதம் ஓதியதற்கும் சோமவேள்வி செய்ததற்கும் உரிய சிறப்புகளும் இருக்கின்றன. சோமாசிபெருமானின் சிறப்பு கல்வியாலும் வேள்வியாலும் வந்தது. மூவேந்தவேளானுடையது அரசன் கொடுத்தது. அரசன் கொடுத்த அந்த இரண்டாம் பெயரைப் பெரிய குடும்பங்கள் எப்படிப் பயன்படுத்தின என்பதே இந்த வாரச் செய்தி.

சோழர் ஆட்சியில் பட்டங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நிலமுடைய வேளாண் குடிகளிலிருந்து அரசுப் பணிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மூவேந்தவேளான் ஆனார்கள். பிராமண அதிகாரிகளும் சேனைத்தலைவர்களும் பிரமராயன், பிரமாதிராயன் எனப்பட்டார்கள். படைத்தலைவர்களுக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் பல்லவரையன் முதலான 'அரையன்' வரிசைப் பட்டங்கள் கிடைத்தன. எ. சுப்பராயலு, நொபொரு கராஷிமா ஆகிய அறிஞர்கள் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களை எல்லாம் தொகுத்து அடுக்கிய பிறகுதான் இந்த ஒழுங்கு நமக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இந்தப் பட்டங்களின் முன்பகுதியில் பல நேரம் அரசனின் விருதுப் பெயர் இருக்கும். பின்பகுதி பணியையும் குலத்தையும் காட்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை முதலாம் இராசராசனின் ஆணைப்படி எடுப்பித்த சேனாதிபதி கிருஷ்ணன் இராமன், 'மும்முடிச் சோழப் பிரமராயன்' என்று அழைக்கப்பட்டார். மும்முடிச் சோழன் என்பது இராசராசனின் விருதுப் பெயர். கிருஷ்ணன் இராமனின் மகன் மாறாயன் அருண்மொழி, முதலாம் இராசேந்திரன் காலத்தில் 'உத்தமசோழப் பிரமராயன்' ஆனார். பிரமராயன் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. அதன்முன் நின்ற மன்னன் பெயர் மட்டும் மாறியது. ஒவ்வொரு தலைமுறையும் அரியணையிடம் போய்த் தன் பெயரைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தந்தை பெற்றதை வைத்துக்கொண்டு மகன் வீட்டிலேயே இருந்துவிட முடியாது. பெருங்குடும்பங்களை அரசனோடு கட்டிவைத்த கயிறு இந்தப் பட்டம்தான்.

அந்தக் கயிறு அரண்மனைக்கு உள்ளேயும் தேவைப்பட்டது. இதற்கான மிகச் சிறந்த சான்று, உத்திரமேரூர் இருக்கும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் வடகிழக்கில், மணிமங்கலம் இராசகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. அது இரண்டாம் இராசேந்திரனின் நான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. காலம் 1055 வாக்கில். கொப்பத்துப் போரில் அண்ணன் இராசாதிராசன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட, களத்திலேயே முடிசூடி வெற்றியோடு திரும்பியவன் இந்த இராசேந்திரன். தன் குடும்பத்தார் பதின்மூவருக்கு அவன் பட்டம் வழங்கியதை அந்தக் கல்வெட்டு ஒருவர் விடாமல் சொல்கிறது.

சிறிய தந்தை 'இருமுடிச் சோழன்' ஆனார். தம்பியர் நால்வரும் முறையே சோழ பாண்டியன், கரிகால சோழன், சோழ கங்கன், சோழ அயோத்தியராசன் ஆனார்கள். மகன்கள் அறுவர்; உத்தம சோழன், விசயாலயன், சோழ கேரளன், சோழ சனகராசன், சுந்தர சோழன், சோழ கன்னகுச்சிராசன் என்பவை அவர்களுக்குக் கிடைத்தவை. பேரன்மார் இருவரும் சோழ வல்லபன், நிருபேந்திர சோழன் ஆனார்கள். மகன்களில் இருவருக்கு அதற்குமுன் இருந்த பெயர்களே கடாரங்கொண்ட சோழன், இரட்டபாடிகொண்ட சோழன். பாட்டன் காலத்து வெற்றிகளைச் சொல்லும் பெயர்கள் மேல் புதிய பட்டங்கள் ஏறின.

இந்தப் பதின்மூன்றையும் பிரித்துப் பார்த்தால் மன்னனின் எண்ணம் விளங்கும். விசயாலயன், கரிகாலன், சுந்தரசோழன் ஆகியவை முன்னோர் பெயர்கள். பாண்டியன், கேரளன் என்பவை சோழர் வென்ற நாடுகள். சோழ பாண்டியன் வெறும் பெயரும் அல்ல. முதலாம் இராசேந்திரன் தன் மகனை அந்தப் பட்டத்தோடு மதுரையில் அமர்த்தி ஆளவைத்திருந்தான். அந்த இளவரசன் பாண்டிய மன்னர் வழக்கப்படி 'சடையவர்மன்' என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டான். பாண்டி நாட்டு மக்கள் முன்னால் பாண்டியனாகவே நிற்க அந்தப் பெயர் உதவியது. ஆனால் அயோத்தியையும், கன்னகுச்சி எனப்பட்ட கன்னோசியையும் சோழர் ஒருநாளும் ஆண்டதில்லை. தங்களைச் சூரிய குலத்தவர் என்று சொல்லிக்கொண்ட சோழர்க்கு அயோத்தி முன்னோர் நகரம். கன்னோசி வடநாட்டுப் பேரரசுகளின் தலைநகர். ஆளும் மண்ணுக்கும் பட்டம் உண்டு, உரிமை கொண்டாடும் புகழுக்கும் பட்டம் உண்டு. போர்க்களத்தில் முடிசூடிய மன்னன், அரியணைக்கு அருகில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தைக் குறித்துக் கொடுத்து, அந்த இடத்தைத் தந்தவன் தானே என்று கல்லில் எழுதிவைத்தான்.

அரியணைக்கு அருகில் இருப்பவர்களுக்குப் பட்டத்தால் இடம் குறிக்கும் தேவை இங்கிலாந்திலும் இருந்தது. வேல்ஸை வென்ற முதலாம் எட்வர்ட், 1301இல் தன் மகனை வேல்ஸ் இளவரசன் ஆக்கினார். பிரபுக் குடும்பங்களில் ஒரே தலைவருக்குப் பெரியதும் சிறியதுமாகப் பல பட்டங்கள் சேரும். பெரியதைத் தலைவர் வைத்துக்கொள்வார். சிறிய ஒன்றை மூத்த மகன் மரியாதைக்காகப் பயன்படுத்துவார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி பிற்காலத்தில் வெலிங்டன் கோமகன் ஆனார். அந்தக் குடும்பத்தின் வாரிசு இன்றும் 'டூரோ மார்க்விஸ்' எனப்படுகிறார். டூரோ என்பது போர்ச்சுகலில் வெல்லெஸ்லி படை நடத்திய ஆறு. அங்கே இரண்டாம் பட்டம் குடும்பத்தின் சொத்து; தந்தை இருக்கும்போதே மகன் அதைச் சூடலாம். சோழநாட்டில் அதை மன்னன் கையிலிருந்துதான் பெற வேண்டும்.

அந்தக் கை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொண்டை மண்டலமே சாட்சி. இந்தப் பகுதியை ஆண்ட சம்புவராயர்கள் 'செங்கேணி' என்ற குடிப்பெயரை விடாமல் வைத்துக்கொண்டு, விக்கிரம சோழச் சம்புவராயன், குலோத்துங்க சோழச் சம்புவராயன், எதிரிலி சோழச் சம்புவராயன் என்று தம் மன்னர்களின் பெயர்களை முன்னால் சூடினார்கள். காஞ்சிக்குத் தெற்கே ஆர்ப்பாக்கத்தில் உள்ள இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டில் எதிரிலி சோழச் சம்புவராயரைப் பார்க்கிறோம். ஈழத்துப் படை பாண்டி நாட்டில் புகுந்த செய்தி கேட்டுக் கலங்கிய அவர், உமாபதிதேவரான ஞானசிவதேவரை வேண்டினார். தேவர் 28 நாள் வழிபாடு நடத்தினார். பகைவர் தோற்றோடிய செய்தி சோழப் படைத்தலைவர் பல்லவராயரிடமிருந்து வந்தது. ஆர்ப்பாக்கம் ஊரே காணிக்கை ஆனது. அந்நாளில் பல்லவராயர் பட்டம் ஒரு குடும்பத்தோடு நின்றுவிடவில்லை. சிறுவன் இராசாதிராசனை அரியணை ஏற்றிய காரிகைக் குளத்தூர்ப் பெருமானம்பிப் பல்லவராயர் இறந்தபின், பழையனூர் வேதவனமுடையான் அம்மையப்பன் 'அண்ணன் பல்லவராயன்' என்ற பட்டத்தோடு பொறுப்பேற்றார். இரண்டு ஊர், இரண்டு குடும்பம், ஒரே பட்டம். பட்டத்தை யாருக்குத் தருவது என்ற உரிமை அப்போதும் சோழ அரசிடமே இருந்தது.

13ஆம் நூற்றாண்டில் சோழ அரசு மறைந்தது. 14ஆம் நூற்றாண்டில் படைவீட்டிலிருந்து ஆண்ட சம்புவராயர்களின் பெயரில் சோழன் இல்லை. 'சகலலோகச் சக்கரவர்த்தி வென்றுமண்கொண்ட சம்புவராயன்', 'சகலலோகச் சக்கரவர்த்தி இராசநாராயணச் சம்புவராயன்' என்று தங்களைத் தாங்களே அழைத்துக்கொண்டார்கள். கொடுப்பவன் போனபின் பட்டம் குடும்பத்தின் சொந்த முடியாகிவிட்டது. விசயநகர இளவரசன் குமார கம்பணன் படையெடுத்து வந்து அந்த முடியையும் இறக்கினான்.

மன்னர்கள் போனபின் எழுந்த நம் அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக்கூடாது என்கிறது. பட்டம் மனிதரைப் பட்டம் தருபவருக்குக் கட்டுப்படுத்தும் என்பதற்கு ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டுச் சான்று நம்மிடம் இருக்கிறது. குடிமக்களை ஒருவருக்கொருவர் நிகராக வைக்க விரும்பும் நாடு, அந்தக் கட்டை அவிழ்த்தது மிகச் சரியான முடிவு.

அடுத்த வாரம்: படைவீட்டுச் சம்புவராயர்களின் எழுச்சியும் வீழ்ச்சியும்.

(தொடரும்)