கண்மாய்க் கரையின் மண்குதிரைகள்

சிவகங்கைச் சீமையில், மழைநீரைக் கரைகட்டித் தேக்கும் கண்மாய்க்கும், மரம் வெட்டலாகாதென ஊர் விலக்கி வைத்த கோயில்காட்டுக்கும் காவலராகக் கருதப்படும் அய்யனாருக்குச் சுடுமண் குதிரைகளைச் சுமந்து சென்று காணிக்கையாக்கும் வழக்கம் புரவி எடுப்பு எனப்படுகிறது. மண்வினைஞரான வேளாரிடம் ஊரார் கொடுக்கும் கைப்பிடி மண்ணாகிய பிடிமண்ணில் தொடங்கும் இக்கலை, குழைத்த களிமண்ணின் ஈரம், சூளைப் புகை, கொட்டுமேளம் எனப் புலன்கள் பலவற்றையும் தொட்டு, முடிவில் வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணோடு சேருமாறு விடப்படுகிறது. பொருளைக் காப்பதையே கலையெனக் கொள்ளும் அருங்காட்சியக மரபுக்கு இது நேர் எதிரானது, ஒருவகையில் அதனினும் நேர்மையானது.

கண்மாயின் காவலரைக் கொட்டுமேளத்தோடு போற்றும் இதே சிவகங்கை மாவட்டத்தில், 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிக் கண்மாய்களை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியிலோ காப்புமுறை ஓசையை விலக்குவதாக அமைந்தது: கூடுகட்டும் பறவைகள் வெருளாதிருக்க, அவ்வூரார் தலைமுறைகளாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.