பாரிஸ்டர் அம்பேத்கரும் குளத்து வழக்கும்

அரசியல் சட்டத்தை வகுத்த மேதை என்றே டாக்டர் அம்பேத்கரை நம் இளைஞர்கள் அறிவர். கறுப்பு அங்கி அணிந்து அவர் நீதிமன்றங்களில் ஆற்றிய தொழிலைப் பற்றி நம்மவருள் பேசுவோர் குறைவு. வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் மலரில் அதனைச் சிறிது எடுத்துரைக்க விழைகிறோம்.

1916இல் இலண்டன் கிரேஸ் இன்னில் சேர்ந்த அவர், பரோடா அரசின் உதவித்தொகை முடிவுற்றமையால் 1917இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. 1920இல் மீண்டும் சென்று, 1922இல் பாரிஸ்டரானார். மறு ஆண்டு பம்பாயில் தொழில் தொடங்கினார். பெரிய வழக்குகளைக் கையில் வைத்திருந்த சாலிசிட்டர்கள் தீண்டப்படாத வகுப்பினர் ஒருவரை நாடி வருவார்களா? வருவாய் போதாமையால் பாட்லிபாய் கணக்கியல் நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். பட்டம் பெற்றும் பயனில்லையே என்று சோர்வுறும் நம் பட்டதாரிகள் இதனை நினைவிற் கொள்வாராக.

அவர் எடுத்த வழக்குகள் ஒரே வகையின அல்ல. 1926இல், ஒரு நூலுக்காக அவதூறு வழக்கில் சிக்கிய பூனா பிராமணரல்லாதார் தலைவர்களுக்காக வாதாடி விடுதலை பெற்றுத் தந்தார். 1934இல், இல்லற வாழ்வு குறித்த வாசகர் வினாக்களுக்கு விடை வெளியிட்டதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஆர்.டி.கார்வேக்காக வாதாடித் தோற்றார்.

எனினும் நம் மனத்தில் நிற்பது மகாட் வழக்கே. குளங்கள் மலிந்த காஞ்சியில் வாழும் நமக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும். மகாட் நகராட்சி 1924இல் சவ்தார் குளத்தை அனைவர்க்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. அதே ஆண்டு நம் சென்னைச் சட்டசபையில், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், பொதுச் சாலை, கிணறு, குளங்கள் பற்றி இத்தகைய தீர்மானமே கொண்டுவந்தார். ஆனால் தீர்மானம் ஏட்டோடு நின்றது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தம் மக்களுடன் சென்று அந்நீரைப் பருகினார். அடி விழுந்தது; டிசம்பரில் வழக்கும் வந்தது. பாரிஸ்டரே பிரதிவாதி!

நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. அம்மாத மாநாட்டில் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தும் ஆணையை மீறாமல், குளத்துப் போராட்டத்தை ஒத்திவைத்தனர். இதனைத் தளர்ச்சி என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. சட்டத்தால் வெல்லவேண்டிய வழக்கில் எதிரிக்கு ஓர் ஆயுதத்தைத் தர அவர் விரும்பவில்லை. 1928 பிப்ரவரியில் தடை நீங்கியது.

வாதிகள் கூறியவை இரண்டு: குளம் தனியார் உடைமை, தீண்டப்படாதாரை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம். குளம் நகராட்சியினுடையது என்று முடிவாகவே, முதலாவது வீழ்ந்தது. வழக்கத்தை மெய்ப்பிக்கும் பொறுப்போ அதனைக் கூறியவர் மேலேயே விழுந்தது. நினைவுக்கு எட்டிய காலம் வரை நம்மவர் நீர் எடுத்ததில்லை என்று காட்டுவது வேறு. அது தொன்மையான, சட்டப்படி செல்லத்தக்க வழக்கம் என்று நிறுவுவது வேறு. பின்னதை அவர்களால் செய்ய இயலவில்லை.

1931இல் மகாட் நீதிமன்றத்திலும், 1933இல் தாணா மேல்முறையீட்டிலும் வாதிகள் தோற்றனர். பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் புரூம்ஃபீல்டு, வாடியா ஆகியோர் 1937 மார்ச் 17 அன்று இறுதி முறையீட்டையும் தள்ளினர். அந்நாளில் அம்பேத்கர், பம்பாய் அரசுச் சட்டக் கல்லூரியின் முதல்வராக வீற்றிருந்தார்.