சொறிக்குக் காரணம் தேடிய கதை

பிராணிகளின் இயல்பை ஆராய்ந்து அரிஸ்டாட்டில் எழுதிய பெருநூலில், நாய்க்கு உண்டாகும் வியாதிகள் மூன்று என்று ஓரிடத்தில் காணப்படுகிறது. வெறி ஒன்று, தொண்டை வீக்கம் ஒன்று, கால்களைப் பற்றும் வாதம் ஒன்று. அடைகாக்கும் முட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்து, கருவின் இருதயம் சிவந்த புள்ளியாகத் துடிக்கத் தொடங்குவதைக் கண்டு எழுதிவைத்த அந்த மகா புத்திமான், வீதியோரத்தில் படுத்துப் பின்னங்காலால் விலாவைப் பிறாண்டிக்கொண்டிருந்திருக்கக்கூடிய நாயை மட்டும் ஏன் விட்டுவிட்டார் என்பது யோசிக்கத்தக்கது. நாய் என்று பிறந்தால் சொறியத்தான் செய்யும், அதையும் ஒரு ரோகமென்று கணக்கில் சேர்ப்பானேன் என்று அவர் கருதியிருக்கலாம். அவருக்குப் பின்னும் நெடுங்காலம் பெரும்பாலோர் கருதியது அதுவே. இன்றைக்கோ, எந்த ஊர்க் கால்நடை மருத்துவரிடம் போய்ப் பார்த்தாலும், சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு காத்திருப்போரில் கணிசமானவர்கள் நாயின் தோலைக் காட்டவே வந்திருப்பார்கள்; அவர்களிலும் பலர் அதே தொல்லைக்காக முன்னமே இரண்டு மூன்று இடங்களில் காட்டி அலுத்தவர்களாயிருப்பார்கள்.

அலுப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. நாயின் சருமத்துக்குப் பேசத் தெரிந்த வார்த்தைகள் மிகச் சில: அரிப்பு, சிவப்பு, முடி கொட்டுதல், துர்நாற்றம். பூச்சி குடைந்தாலும், பூஞ்சை பற்றினாலும், தின்ற ஆகாரம் ஒவ்வாவிட்டாலும், காற்றில் வந்த மகரந்தம் ஒவ்வாவிட்டாலும், கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியின் வேலை குன்றினாலும், அது இந்த நாலைந்து வார்த்தைகளையே மாற்றி மாற்றிச் சொல்கிறது. இவற்றின் சிக்கலை அவிழ்க்க முற்பட்டோரின் சரித்திரத்தைப் பார்க்கும்போது ஒரு விசித்திரம் புலப்படுகிறது. ஒவ்வொரு காலத்தாரும் தாங்கள் கண்டுகொண்ட ஒரு காரணத்தை வைத்தே உலகத்துச் சொறி முழுவதையும் விளக்கிவிடலாமென்று நம்பினார்கள்.

ரோமாபுரியார் விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. அவர்களுக்கு ஆடு முக்கியம். ஆட்டுச் சொறி உரோமத்தின் விலையைக் கெடுக்கும். ஆகையால் கேட்டோ என்னும் முதியவர் தம் வேளாண்மை நூலில், ரோமம் கத்தரித்த ஆட்டுக்கு ஒலிவக்கசண்டும் மதுவின் மண்டியும் கலந்து பூசச் சொன்னார். கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் கொலுமெல்லா என்பவர் எழுதிய பன்னிரண்டு பாகங்கொண்ட கிருஷி நூலில், ஏழாம் பாகத்தின் இறுதியில் நாய்க்கும் சிறிது இடம் கிடைத்தது. ஈ மொய்த்துப் புண்ணாகும் காதுக்கும், சொறிக்கும் அங்கே மருந்து சொல்லப்படுகிறது. காவல்நாய் பண்ணையின் சொத்து என்ற அளவில் காட்டிய கரிசனம் அது.

நாயை நாய் என்பதற்காகவே உற்றுப்பார்த்த கண்களைப் பதினான்காம் நூற்றாண்டில் காண்கிறோம். பிரான்ஸ் தேசத்தின் தென்கோடியில், பிரனீஸ் மலைச்சாரலில் ஃபுவா என்னும் நாட்டை ஆண்டுவந்த காஸ்தோன் ஃபேபுஸ் என்னும் பிரபு, வேட்டையில் பித்தேறியவர். 1391-ஆம் வருஷம் ஒரு கரடி வேட்டையை முடித்துத் திரும்பிய அன்றே, கை கழுவும் வேளையில் சாய்ந்து உயிர் துறந்தார் என்றால் அவருடைய பித்தின் அளவு விளங்கும். அவர் 1387-இல் தொடங்கி எழுதுவித்த வேட்டை நூலின் ஒரு பகுதி முழுவதும் வேட்டைநாய்களின் வளர்ப்பையும் வியாதிகளையும் பற்றியது. யார்க் பிரபுவான எட்வர்டு என்பவர், பின்னால் 1415-இல் அஜின்கோர்ட் யுத்தகளத்தில் மாண்டவர், இதை ஆங்கிலத்தில் ஆக்கிச் சில அத்தியாயங்களைத் தாமும் சேர்த்தார்.

அந்நூலில் நாய்ச்சாவடி வர்ணிக்கப்படும் விதம் படிக்கத் தெவிட்டாதது. சாவடி பத்து மார் நீளமும் ஐந்து மார் அகலமும் இருக்க வேண்டும்; முன்னே ஒரு வாயிலும் பின்னே ஒரு வாயிலும் வைத்து, பின்வாயில் வெயில் நாள் முழுதும் விழும் புல்வெளியில் திறக்க வேண்டும்; படுக்கை தரைக்குமேல் ஓரடி உயர்ந்த பலகையாயிருக்க, தினந்தோறும் பழைய வைக்கோலை அள்ளிவிட்டுப் புதிது பரப்ப வேண்டும்; நாய்கள் காலைத் தூக்குவதற்கென்றே வைக்கோல் சுற்றிய கழிகளை ஆங்காங்கே நட்டுவைக்க வேண்டும். ஏழெட்டு வயதிலேயே இந்த ஊழியத்துக்கு வந்துவிட்ட ஒரு சிறுவன், இரவில் நாய்களோடு நாயாய் அங்கேயே படுத்து, விடிந்ததும் ஒவ்வொன்றையும் சீப்பால் வாரி, வைக்கோல் புரியால் உடம்பு முழுவதும் துடைத்துவிட வேண்டும். பாரிஸ் தேசியப் புஸ்தகசாலையிலுள்ள இந்நூலின் பிரதி ஒன்றில், நாய்களின் பாதத்தைக் கழுவுவதும் வாயைத் திறந்து பார்ப்பதும் காதைச் சோதிப்பதுமாக ஊழியர்கள் அமர்ந்திருக்கும் வர்ணச் சித்திரம் இருக்கிறது. நாய்கள் சலித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கின்றன.

சொறி நான்கு வகை என்கிறார் ஃபேபுஸ். முடி உதிர்ந்து தோல் தடித்து ஆங்காங்கே வெடிப்பது ஒன்று. உடம்பு முழுவதும் பரவாமல் காதுகளையும் கால்களையுமே விசேஷமாகப் பற்றுவது மற்றொன்று, குணமாவதற்கு மிகக் கடினமானது. இதைப் படிக்கிற இக்காலத்து மருத்துவர் சற்றே நிமிர்ந்து உட்காருவார். காதின் விளிம்பும் முழங்கையும் இன்றைக்கும் அவர் முதலில் பார்க்கிற இடங்கள். கவனம் அவ்வளவு நுட்பமாயிருந்தும், காரணம் என்று வந்தபோது அந்தப் பிரபுவுக்குத் தம் காலத்துச் சாஸ்திரத்தை விட்டால் வேறு கதியில்லை. உடம்பிலுள்ள கரும்பித்தம் மிகுந்ததனால் சொறி வருகிறது என்று முடித்துவிட்டு, தேனும் செம்புக்களிம்பும் வாதுமைவகை எண்ணெயும், தும்மலை உண்டாக்கும் ஒரு மூலிகையை வேகவைத்த நீரும் கலந்த களிம்பைச் சொல்லிப்போகிறார். வைக்கோலை மாற்றச் சொன்ன அத்தியாயத்துக்கும் கரும்பித்தத்தைச் சொன்ன அத்தியாயத்துக்கும் சம்பந்தம் உண்டென்று அவருக்குத் தோன்றவில்லை. நாய்களுக்கு நடுவே படுத்த சிறுவனும் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்திருப்பான்; அவனிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்டிருக்க வேண்டிய ஜனங்களைக் கேட்ட பெருமை இத்தாலியிலுள்ள லிவோர்னோ துறைமுகத்து இருவருக்கு உரியது. ஜோவன் கோசிமோ பொனோமோ வைத்தியர். தியாசிந்தோ செஸ்தோனி மருந்துக்கடைக்காரர். சொறி பிடித்த குழந்தைகளின் கையிலிருந்து ஏழைத் தாய்மார் ஊசிமுனையால் எதையோ எடுத்து நகத்தில் வைத்து நசுக்குவதையும், கப்பலடிமைகள் ஒருவருக்கொருவர் அதே உபகாரம் செய்துகொள்வதையும் கண்ட அவர்கள், அப்படி எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். ஆமை வடிவத்தில் ஓர் அணுப்பிராணி ஊர்ந்தது, முட்டையும் இட்டது. 1687-இல் பிரான்செஸ்கோ ரெடி என்னும் பேரறிஞருக்கு எழுதிய நிருபமாக இதை வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரிவதற்கும் தெரியாததற்கும் எல்லையில் நிற்கும் ஒரு ஜந்து ஒரு ரோகத்தையே உண்டாக்குகிறது என்ற பேச்சு இரத்ததோஷ சாஸ்திரிகளுக்கு ரசிக்கவில்லை. நிருபம் மெல்ல மறக்கப்பட்டது.

பிறகு நடந்தது கொஞ்சம் ஹாஸ்யம். 1812-இல் பாரிஸிலுள்ள செயின்ட் லூயி ஆஸ்பத்திரியில் காலெஸ் என்பவர் சொறிப்பூச்சியைத் தாம் நேரில் கண்டதாகப் படத்தோடு எழுதிப் பட்டம் பெற்றார். மற்றவர்கள் எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. அவர் காட்டிய படம் பாலாடைக்கட்டியில் நெளியும் பூச்சியினுடையது என்பதைப் பிற்பாடு ராஸ்பாய் என்பவர் வெளியாக்கினார். அந்த அவமானத்தில் உண்மைப் பூச்சியும் பொய்யாகிவிட இருந்த சமயத்தில், 1834-இல் கோர்சிகா தீவிலிருந்து படிக்க வந்த ரெனூச்சி என்னும் மாணவர், தம் ஊர்ப் பெண்கள் செய்கிறபடியே நோயாளியின் தோலில் ஊசியை நுழைத்து, எல்லோர் முன்னிலையிலும் பூச்சியை எடுத்துக் காட்டினார். கொப்புளத்துக்குள் தேடாமல், அதிலிருந்து சற்றுத் தள்ளி ஓடும் சுரங்கத்தின் கோடியில் தேட வேண்டும் என்பதே அவர்களுடைய வித்தை. இது படியாத பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

நாய்க்கும் இதே இனத்துப் பூச்சியே என்பது அடுத்து நிலைபெற்றது. பிரான்ஸில் அல்ஃபோர் கால்நடைக் கலாசாலையைச் சேர்ந்த டெலாஃபோனும் அவருடைய சகாவான பூர்கின்யோனும் மனிதர், மிருகங்கள் ஆகியோரின் சொறிகளை ஒருங்கே ஆராய்ந்து 1862-இல் ஒரு பெரிய கிரந்தம் வெளியிட்டார்கள். இதற்கிடையே இரண்டாவது பூச்சி ஒன்றும் புறப்பட்டிருந்தது. பெர்லின் நகரத்து குஸ்தாவ் சீமோன் 1842-இல் மனிதமுகத்தின் மயிர்க்கால்களுக்குள் சுருட்டுப்போன்ற நீண்ட பூச்சி ஒன்றைக் கண்டார். அடுத்த வருஷம் ரிச்சர்டு ஓவன் என்பவர் அதற்கு டெமோடெக்ஸ் என்று நாமகரணம் செய்தார். அதே 1843-இல் சொறிநாய் ஒன்றிடமும் அது காணப்பட்டது. முதற்பூச்சியைப்போல் இது பகையாளியன்று. பிறந்த சில நாட்களில் பால்குடிக்கும்போதே தாயிடமிருந்து குட்டிக்கு வந்து, ஆரோக்கியமுள்ள நாயின் மயிர்க்காலிலும் தொந்தரவின்றிக் குடியிருப்பது; உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளரும்போதுதான் பெருகிக் கொடுமை செய்கிறது. இலண்டனில் குதிரை வைத்தியத்திலிருந்து நாய் வைத்தியத்துக்கு இறங்கிவந்து, 1817-இல் நாயின் வியாதிகளைப் பற்றித் தனிநூல் எழுதிய டெலபீர் பிளேன், சொறி பரம்பரையாக வருவது என்று எழுதியிருந்தார். பூச்சியைக் கண்டபின் இக்கருத்து பத்தாம்பசலியாகத் தோன்றியிருக்கும். ஆனால் டெமோடெக்ஸின் சொறி சில வம்சங்களில் தொடர்ந்து வருவது மெய், அவ்வகை நாய்களைக் கொண்டு குட்டி எடுக்கலாகாது என்பதே இன்றைய உபதேசமும்.

பூச்சி அகப்பட்டதும் எல்லா அரிப்புக்கும் பூச்சியே காரணமென்ற ஆவேசம் பிறந்தது. கந்தகமும் தாரும் மீன்எண்ணெயும் புகையிலைக் கஷாயமும் குடம் குடமாகச் செலவாயின. பாதரசக் களிம்பு பூசிய நாய், உடம்பை நக்கி நக்கி விஷம் ஏறிச் செத்ததும் உண்டு. கந்தகத்துக்கு மட்டும் எத்தேசத்திலும் மதிப்பு. அதைப் புங்கெண்ணெயிலோ வேப்பெண்ணெயிலோ குழைத்துப் பூசுவது நம் கிராமங்களிலும் பழகிய முறைதான், அதில் நியாயமும் இருக்கிறது. மோட்டார் யுகம் வந்தபின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கறுத்த பழைய என்ஜின் ஆயிலைக் கேட்டு வாங்கித் தெருநாயின் மேல் ஊற்றும் ஒரு கைவைத்தியம் முளைத்திருக்கிறதே, அதற்கு எந்த நியாயமும் கிடையாது. தோல் வெந்து, நக்கிய நாய்க்குக் குடலும் கெடும். தயவினால் செய்கிறார்கள் என்பதுதான் பரிதாபம்.

கோடையில் வந்து மாரியில் போகும் ஒரு படைக்குக் கந்தகமும் கேட்கவில்லை, தோலைச் சுரண்டினால் பூச்சியும் அகப்படவில்லை. கோடைக் கரப்பான் என்று பெயரிட்டு, இரத்தச்சூடு என்றும் இறைச்சித்தீனி என்றும் வைத்தியர்கள் வாதாடிக்கொண்டிருக்க, 1938-இல் கிஸிலெஃப் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர், குற்றவாளி சாதாரணத் தெள்ளுப்பூச்சி என்று எழுதினார். பூச்சியின் எண்ணிக்கையன்று, அதன் எச்சிலை நாயின் உடம்பு ஒவ்வாமல் எதிர்ப்பதே வியாதி; நூறு தெள்ளு மேய்ந்தும் ஒரு நாய் சுகமாய் உறங்க, இன்னொன்று சில கடிகளிலேயே வாலடியைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதன் இரகசியம் இதுவே. 1941-இல் மின்னியாபொலிஸ் நகரத்து வைத்தியர் விட்டிச், ராக்வீட் என்னும் களைச்செடியின் மகரந்தம் ஒவ்வாமல் பருவந்தோறும் துன்புற்ற ஒரு நாயைப் பற்றி அறிவித்தார். மனிதரின் குடும்பச் சொத்தென்று எண்ணப்பட்ட ஆஸ்த்மா, கரப்பான் வகைகளுக்கு நாயும் பாத்தியதை உடையது என்பது அப்போது தெரியவந்தது. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து 1948-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிராங்க் கிரால், பிலடெல்ஃபியாவில் இதைத் தனிச் சாஸ்திரமாகவே போதித்து, 1953-இல் நோவாக் என்பவருடன் சேர்ந்து கால்நடைச் சரும வைத்திய நூல் ஒன்றை வெளியிட்டார். மியூலரும் கிர்க்கும் சிறுபிராணிகளுக்கென்று எழுதிய நூல் 1969-இல் வந்தது.

இந்நூல்கள் கற்பித்த முறை, ஊகித்து மருந்து தருவதைவிட ஒவ்வொன்றாய்க் கழித்துப்போவது. மழுங்கிய கத்தியால் இரத்தம் பொட்டுப்பொட்டாய்த் தெரியும்வரை தோலைச் சுரண்டிப் பார்க்கிறார்கள்; காதுமடலின் ஓரத்தை விரலால் தேய்த்து, நாய் தன்னையறியாமல் பின்னங்காலை உதைக்கிறதா என்று கவனிக்கிறார்கள்; படர்தாமரை வகையோ என்று ஊதாக்கதிர் விளக்கில் மயிர் பச்சையாய் ஒளிர்வதைத் தேடுகிறார்கள். இவ்வளவும் செய்தும் முதற்பூச்சி சுரண்டலில் பல தடவை அகப்படுவதில்லை. அது இருப்பதாகவே பாவித்து மருந்து கொடுத்துப் பார்ப்பதும் சோதனையாகிறது. ஜப்பானில் ஓமுரா என்பவர் எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிரால் கிடைத்த ஐவர்மெக்டின் 1981-இல் கால்நடை மருந்தாக வந்தபின் இச்சோதனை எளிதாயிற்று. கோலி ஜாதி நாய்களில் சில அதனால் மயங்கி விழுந்தன. மூளைக்குள் மருந்து புகாமல் தடுக்கும் காவல் அவற்றின் பரம்பரையிலேயே பழுதுபட்டிருப்பது 2001-இல் விளங்கிற்று. 2013-க்குப் பின் வந்த மாத்திரைகள், உண்ணி, தெள்ளு, இரண்டு வகைச் சொறிப்பூச்சி எல்லாவற்றையும் ஒருசேர அடக்குகின்றன. ஃபேபுஸின் நான்கு சொறிகளையும் இன்று ஒரு மாத்திரையே அடக்கிவிடக்கூடும்.

மிஞ்சி நிற்பது ஒவ்வாமை. ஆகாரத்தினாலா என்று அறிய இரத்தப் பரிசோதனையை நம்ப முடியாததால், நாய் அதுவரை தின்றறியாத மாமிசம் ஒன்றையும் மாவு ஒன்றையும் மாத்திரம் எட்டு வாரம் போட வேண்டும். வீட்டில் பாட்டி பால்சாதம் பிசைந்து வைத்தாலோ, பேரன் பிஸ்கோத்தை மேஜைக்கடியில் நழுவவிட்டாலோ கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. அப்படிக் காத்து அரிப்பு அடங்கினாலும் நிரூபணம் ஆகிவிடவில்லை. பழைய ஆகாரத்தை வேண்டுமென்றே திரும்பக் கொடுத்து, சொறி மீண்டும் வருகிறதா என்று பார்த்தால்தான் தீர்ப்பு. மாதக்கணக்கில் இரவு முழுதும் சங்கிலி குலுங்கக் கேட்டுக் கண்விழித்த வீட்டார், இப்போது நிம்மதியாய் உறங்கும் நாய்க்கு அந்தச் சொறியை வலிய வரவழைக்க எளிதில் சம்மதிப்பதில்லை. மருத்துவரும் வற்புறுத்தாமல், சீட்டில் காரணத்துக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பிவிடுகிறார்.