வீட்டில் படித்த 26,963 பேர்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக் கொடுப்பதை "ஹோம் ஸ்கூலிங்" என்கிறார்கள். ஏதோ அமெரிக்காவிலிருந்து கப்பலேறி நம்ம ஹார்பரில் வந்து இறங்கிய சரக்கு மாதிரிதான் பலரும் பேசுகிறார்கள். ஆனால் 200 வருடத்துக்கு முன்பே சென்னையில் இதற்கு ஒரு கணக்கு எடுத்திருக்கிறார்கள்!

தாமஸ் மன்றோ என்றால் நமக்கு ரயத்துவாரி முறை, இரண்டு மார்க். அவர் சென்னை கவர்னராக இருந்தபோது, 1822-ல், எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள், என்னென்ன சாதி என்று எல்லா ஜில்லா கலெக்டர்களிடமும் கணக்குக் கேட்டார். 1826-ல் அதைத் தொகுத்து ஒரு குறிப்பு எழுதினார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இந்த ஆவணங்களைத் தரம்பால் 1983-ல் புத்தகமாகக் கொண்டுவந்த பிறகுதான் இதெல்லாம் பரவலாகப் பேசப்பட்டது.

இதில் சென்னைப் பட்டணத்துக் கலெக்டர் கூடுதலாக ஒரு வேலை செய்தார். வீட்டில் படிப்பவர்களையும் எண்ணினார். 26,963 பேர்! பள்ளியில் படித்தவர்களைப் போல ஐந்து மடங்கு. மன்றோவே இதில் ஏதோ பிழை இருக்கும் என்று சந்தேகப்பட்டார். ஆனாலும் சொந்தக்காரர்களோ தனி வாத்தியாரோ வீட்டில் சொல்லிக் கொடுப்பது மாகாணம் முழுக்க இருக்கும் வழக்கம்தான் என்று எழுதினார்.

அந்தக் காலத்தில் வீடு, பள்ளி என்று பெரிய சுவர் கிடையாது. வாத்தியார் வீட்டுத் திண்ணையே பள்ளிக்கூடம். விஜயதசமியில் சேர்ந்த பிள்ளை மணலில் விரலால் எழுதும், மூத்தது ஓலையில் எழுதும், இன்னொன்று எண்சுவடி ஒப்பிக்கும். வகுப்பு என்று ஒன்று இல்லை. ஒரு பாடம் வந்தபிறகுதான் அடுத்தது. சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வான். (ரொம்ப உருகிவிட வேண்டாம், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் அதே திண்ணையில்தான்.)

1789-ல் எழும்பூர் ஆண்பிள்ளை அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இப்படி ஒரு பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் விடுதியில் எட்டு வயதுப் பையன் ஒருவனை வைத்துச் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தில் அவர் பணத்தில் தொடங்கிய "மெட்ராஸ் காலேஜ்" என்ற பள்ளி இன்றும் இருக்கிறது. ஆனால் அங்கே போனதும் அது நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் உட்கார வைக்கும் முறையாகிவிட்டது. மணல் போனது, சட்டாம்பிள்ளை போனான், அவனவன் வேகம் மட்டும் போய்ச் சேரவில்லை.

இன்று வீட்டுக் கல்வியை ஆதரிப்பவர்கள், ஒரு பிள்ளை கண்ணால் கற்கும், இன்னொன்று காதால், மூன்றாவது கையால் என்று பிரிக்கிறார்கள். அப்படிப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தால் அதிகம் தேறும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2008-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசிச் சொன்னார்கள். திண்ணையில் ஒரே எழுத்தைக் கண், காது, வாய், விரல் எல்லாவற்றாலும் எல்லாப் பிள்ளையும் படித்தது. மாறியது வேகம்தான். எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

இனி கசப்பான பகுதி. பட்டணத்துப் பள்ளிகளில் பிராமணப் பையன்கள் 358 பேர், வீட்டில் படித்தவர்கள் 7,586 பேர். கணக்கில் "சூத்திரர்" என்று போட்ட பையன்கள் பள்ளியில் 3,506, வீட்டில் 7,589. அதாவது முதல் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. அடுத்ததில் மூன்றில் ஒருவன் திண்ணைக்கு நடந்தான். வீட்டுக்கு வாத்தியாரை வரவழைக்கக் காசு வேண்டும், இல்லை வீட்டில் படித்த ஆள் வேண்டும்.

எங்கள் நெட்டுக்குப்பம் அப்போது பட்டணத்தில் இல்லை, செங்கல்பட்டு ஜில்லா. அங்கே வீட்டுக் கணக்கே எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் கொசஸ்தலை முகத்துவாரத்தில் அப்பனிடம் வலை பின்னவும் கட்டுமரம் தள்ளவும் கற்ற பையனை எந்தக் கட்டத்தில் போட்டிருப்பார்கள்?

அந்த 26,963 பேரில் பெண் பிள்ளைகள் 517 பேர்.