நட்ட மரமா, தானாய் முளைத்ததா?

விஜயநகரக் காலத்தில் தாத்தாச்சாரியார் வெட்டுவித்த பெரிய குளம் காஞ்சிபுரம் அருகே ஐயங்கார்குளத்தில் இருக்கிறது. அதை மனிதர் வெட்டியதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் சுற்றுவட்டார நிலங்களில் நிற்கும் முதிர்ந்த மரத்தைக் காட்டிக் கேட்டால், "அது தானா வந்தது" என்றே பதில் வரும். பல மரங்களுக்கு அந்தப் பதில் பொருந்தாது.

இந்தப் பகுதியில் மரம் வளர்ப்பு ஊர்ச்சபையின் வேலையாகவே இருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலையில் தேர்வான 30 பேரில் ஏரி வாரியத்துக்கு 6 பேரையும் தோட்ட வாரியத்துக்கு 12 பேரையும் ஒதுக்குகிறது. தேர்தல் முறையைக் கொண்டாடும் நாம் இந்தப் பன்னிரண்டு பேரை மறந்துவிட்டோம்.

மரத்திடமே கேட்கவும் வழியுண்டு. இலுப்பை, கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த மரம். ஒரே பருமனில் வரிசை பிடித்து நின்றால் அது தோப்பாக வைத்தது. தாறுமாறாக, வெவ்வேறு வயதில் நின்றால் பழந்தின்னி வௌவால் கொட்டை போட்டிருக்கலாம். மேடையும் நாகர் சிலையும் சூழ, அரசும் வேம்பும் பின்னி நின்றால், யாரோ வேண்டுதலோடு வைத்த இணை. பனையை வேரால் கவ்வி நிற்கும் ஆலமரமோ பறவையின் எச்சத்தில் முளைத்தது. அதை எவரும் நட்டதில்லை. ஏரிக்கரையில் நிரையாக நிற்கும் பனை பெரும்பாலும் மனிதர் கொட்டை ஊன்றி வளர்த்தது. பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது என்பதால், வெட்டிப் பார்த்தும் அதன் வயதை எண்ண முடியாது.

உண்மையான காட்டு மரத்தைப் பார்க்க ஏரிக்கரையை விட்டுக் குன்றுப் பக்கமும் பழைய கோயில் காட்டுப் பக்கமும் போகவேண்டும். வெட்ட வெட்டத் துளிர்த்து, ஒரே அடியிலிருந்து பல தண்டுகளாய்க் கிளைத்த வீரையும் காசாவும் அங்கேதான் கிடைக்கும்.

சீமைக் கருவேலம் இந்த இரண்டு வகையிலும் அடங்காது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிநாட்டிலிருந்து விதையாக வந்தது. இன்று ஆடுமாடு காயைத் தின்று சாணத்தோடு பரப்ப, ஏரிக்குள்ளும் தானாக முளைக்கிறது.

காகிதச் சான்றும் உண்டு. புறம்போக்கில் நிற்கும் பயன்தரு மரத்தின் பலனை ஒருவர் அனுபவிக்க வருவாய்த்துறை தருவது 2-சி பட்டா. நிலம் அரசுடையது, காய் அவருடையது. ஒரு பழைய புளியையோ பனையையோ வெட்டுமுன், கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தக் கணக்கை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.