கரணையும் விதையும்: கரும்பின் மரபு வரலாறு

மதுரைக்கு வடக்கே, பெரியாறு பாசனப் பகுதியில் உள்ள அலங்காநல்லூரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை எழுந்ததே வட்டாரக் கரும்பை நம்பித்தான். அந்தக் கரும்பு விதையிலிருந்து வளர்வதில்லை. பருக்களுள்ள கரணைகளை வெட்டி நடுகிறார்கள். தாய்ச்செடியின் நிறம், பருமன், இனிப்பு எல்லாம் மாறாமல் வருவதற்கு அதுவே காரணம். ஆனால் புதுக் குணம் வேண்டுமென்றால் கரணை உதவாது. இரு செடிகளின் பூக்களை இணைத்து விதை எடுத்தாக வேண்டும்.

கரும்பு விதை முளைக்கும் என்பது 1888இல் ஜாவாவிலும் பார்படாஸிலும் உறுதியானது. வட இந்தியாவில் கரும்பு பூத்து விதை பிடிப்பது அரிது, கோயம்புத்தூரில் எளிது. அதனால் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே அமைந்தது. அந்நிலையத்தின் அறிஞர்கள் பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த இனிப்புக் கரும்பைத் தாயாகவும், ஒல்லியான, சர்க்கரை குறைந்த, ஆனால் வறட்சி தாங்கும் காட்டுக் கரும்பைத் தந்தையாகவும் கொண்டு கலப்பு செய்தார்கள். 1918இல் வெளிவந்த கோ 205 இப்படிப் பிறந்ததே.

இக்கலப்பில் ஒரு விந்தை உண்டு. பொதுவாகத் தாயும் தந்தையும் தம் குரோமோசோம்களில் பாதியையே பிள்ளைக்குத் தருவார்கள். இங்கோ தாய் தன் 80 குரோமோசோம்களையும் முழுதாகத் தந்தது. 64 உள்ள தந்தை 32ஐ மட்டும் தந்தது. எனவே கோ 205இல் 112 குரோமோசோம்கள். இந்த வழக்கத்தை ஜாவாவில் ஆராய்ந்து விளக்கியவர் டச்சு அறிஞர் பிரெமர். பிள்ளையை மீண்டும் இனிப்புக் கரும்போடு சேர்க்கும்போது காட்டுக் கரும்பின் பங்கு குறைந்து, இனிப்பு கூடுகிறது. தேர்ந்தெடுத்தால் தாங்குதிறனும் தங்கிவிடுகிறது.

சர்க்கரை அளவைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே ஒரே கதிரின் விதைகளில் முளைத்த நாற்றுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆயிரக்கணக்கானவற்றை நட்டுக் கழித்து, ஆண்டுக்கணக்கில் சோதித்த பின்பே ஓர் இரகம் தேறுகிறது. கோ 62198ஐயும் கடலூரின் கோசி 671ஐயும் இணைத்துப் பெற்ற கோ 86032 அத்தகையது. 2000இல் வெளியான அது தமிழ்நாட்டுக் கரும்பு வயல்களில் பரவலாக இடம்பிடித்தது. அறுவடைக்குப் பின் அடிக்கட்டையிலிருந்து தழைக்கும் மறுதாம்பும் அதில் நன்றாக வருகிறது.

கரணை குணத்தைக் காப்பதுபோல் குறையையும் காக்கிறது. வயல் முழுதும் ஒரே மரபு என்பதால், செவ்வழுகல் நோயின் புது வகை ஒரு செடியை வீழ்த்தினால் மற்றவையும் தப்புவது கடினம். கலப்பு வேலை நிற்காமல் தொடர வேண்டியிருப்பதற்கும், காட்டுக் கரும்பைப் பாதுகாக்க வேண்டியிருப்பதற்கும் இதுவே அடிப்படை.