தோற்ற ஆட்டமும் நிலைத்த முறையும்



1918ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் நியூயார்க் போட்டியில் நிகழ்ந்த ஒரு சதுரங்க ஆட்டத்தைப் பற்றிக் கூற விரும்புகிறேன். வெள்ளைக் காய்களை ஆடியவர் கியூபா நாட்டுக் காபபிளாங்கா. கறுப்புக் காய்களை ஆடியவர் அமெரிக்கரான பிராங்க் மார்ஷல். 1909இல் இவ்விருவரும் 23 ஆட்டங்கள் மோதியபோது மார்ஷல் வென்றது ஒன்றே, தோற்றவை எட்டு, எஞ்சியவை சமன்.

ஆட்டம் தொன்மையான ஸ்பானிய முறையில் தொடங்கிற்று. இரு தரப்பாரும் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் செலுத்துவர். வெள்ளைக் குதிரை பாய்ந்து கறுப்புச் சிப்பாயைக் குறிவைக்கும். கறுப்புக் குதிரை அதற்குக் காவல் நிற்கும். உடனே வெள்ளை மந்திரி அக்காவற்குதிரையை நெருக்கும். ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸ் 1561இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்த தொடக்கம் இது.

எட்டாம் நகர்த்தலில் மார்ஷல் ராணியின் முன்னிருந்த சிப்பாயை முன்னே தள்ளினார். ஒரு சிப்பாயைப் பறிகொடுத்து, வெள்ளை ராஜாவைத் தாக்குவதே அவர் திட்டம். இத்திட்டத்தை அவர் ஒன்பதாண்டுகள் மறைத்து வைத்திருந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை. எதிரி முன்னரே ஆராய்ந்து வந்திருக்கிறார் என்பதைக் காபபிளாங்கா உணர்ந்தார். ஆயினும் அறைகூவலை ஏற்பதே தமக்கு அழகு என்று துணிந்து சிப்பாயை வெட்டினார். கடுந்தாக்குதலை நிதானமாகச் சமாளித்து, 36ஆம் நகர்த்தலில் வென்றார். 1921இல் அவர் உலக வீரரானார்.

வரலாறு அத்துடன் முடியவில்லை. அன்று பதினோராம் நகர்த்தலில் மார்ஷல், பலகையின் நடுவில் நின்ற தம் குதிரையைப் பின்வாங்கியிருந்தார். பின்னாளில் அக்குதிரையை அங்கேயே நிறுத்தி, அருகிலுள்ள ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி அதற்குத் துணையாக்கினார். அந்தச் சிறு திருத்தத்தால் முறை உயிர்பெற்றது. 1965இல் தாலுக்கு எதிராக ஸ்பாஸ்கி அதையே கையாண்டார். இன்றும் பெரும் ஆட்டக்காரர்கள் அதை ஆடுகின்றனர். அதன் பெயர் ‘மார்ஷல் தாக்குதல்’. தோற்றவரின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

நெடுங்காலம் விடைத்தாள் திருத்தியவன் நான். திருத்திய தாள் கைக்கு வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மடித்து வைப்பவர் பலர். சிவப்பு மை பட்ட இடத்தை நிதானமாகப் படிப்பவர் சிலர். மார்ஷல் அச்சிலரைச் சேர்ந்தவர். நீங்களும் அவர்களுள் ஒருவராக வேண்டும் என்பதே என் விருப்பம்.